சனிக்கிழமைக்குள் காலியாக வேண்டிய டின்

“மிச்சம் இருக்கிற மாத்திரையத் திருப்பி வாங்கிக்குங்க ஐயா.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அக்கா முதல்நாள் சாயங்காலம் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தொட்டிலில் கிடந்த நான்கு மாதக் குழந்தையின் உச்சியில் என் உள்ளங்கையை வைத்து அழுத்தி, “டிரெசர்கிட்ட கேக்க மாட்டேன்னு சொல்லு ராக்கு” என்றாள். சொன்னேன். கைக்குக் கீழே உச்சி வெதுவெதுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பு உள்ளங்கையை விட்டுப் போவதற்குள் கேட்டுவிட்டேன்.

துரைசிங்கம் பேனாவுக்கு மூடி போட்டார். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவர்தான் டிரெசர். டாக்டர் மாதம் ஒருமுறை காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் ஊசி, கட்டு, பிரசவம், சாவு, எல்லாம் இந்த யாழ்ப்பாணத்துக்காரர் கையில்தான்.

“என்ன சொன்னனீர்?”

“டின்னுல மாத்திரை மிச்சம் இருக்கு. பதினெட்டு. வாங்கிக்குங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். எழுந்து போய் அதைச் சாத்தினார். வெளியே பால்மரத்து இலைகள் கொட்டும் சத்தம் சட்டென்று தூரமாகிப் போனது.

சயரோகக்காரர்களுக்குச் சனிக்கிழமை காலைதான் மருந்து. ஐம்பது சிகரெட் வரும் வட்ட டின் ஒன்றை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். மூடியில் வீட்டு நம்பர். ஒரு நாளைக்கு மூன்று வெள்ளை மாத்திரை, வாரத்துக்கு இருபத்தொன்று. அடுத்த சனிக்கிழமை டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்க்க வேண்டும். துரைசிங்கம் அதன் அடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். ஒன்றும் விழவில்லை என்றால் பதிவேட்டில் ஒரு கீறல், புதிதாக இருபத்தொன்று. விழுந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் இதுவரை யாருக்கும் விழுந்ததில்லை.

ஆனால் எல்லோருக்கும் தெரியும். அரிசி, பால் டின், மருந்து, இவை மூன்றும் வீட்டில் மிஞ்சக் கூடாது. மிஞ்சியது காட்டுக்குள் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போகிறது என்று சட்டமே முடிவு கட்டிவிட்டது. அரை டின் பாலுக்காகப் பிடித்துக்கொண்டு போன ஆள் ஒருவர் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. போன வருடம் கால்வாயில் நான்கு மாத்திரை கிடந்ததற்கு மூன்றாம் லயத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் வெயிலில் நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட தோட்டத்தில்தான் நான் பதினெட்டு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நின்றேன்.

நான் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

சிங்கப்பூரிலிருந்து இரவெல்லாம் ரயில். சிரம்பானில் இறங்கி, கோலா கிளாவாங் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பனி வந்து கண்ணாடியில் முகத்தை வைத்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது. மடியில் என் பட்டச் சான்றிதழ். எங்கள் வம்சத்தில் பெருவிரல் மை படாத முதல் காகிதம். ரசாயனத்தில் பட்டம். அதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். உங்களுக்கு என்ன வந்தது என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது மார்ச் மாதம். மரங்கள் இலை உதிர்க்கும் காலம். வருடம் முழுக்க இருட்டிக் கிடக்கும் தோட்டத்துக்குள் அந்த நான்கைந்து வாரம் மட்டும்தான் வெளிச்சம் இறங்கும். செம்பு நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் இலைகள் அவசரமே இல்லாமல், சுற்றிச் சுற்றி, தண்ணீருக்குள் விழுவதைப் போல விழுந்தன. நான் வளர்ந்த பழைய லயம் ஆற்றங்கரையில் காலியாகக் கிடந்தது. இப்போது எல்லோரையும் ரோட்டோரமாகக் கொண்டுவந்து, இரண்டு வரிசை முள்கம்பிக்குள் குடிவைத்திருந்தார்கள். கம்பியில் பனித்துளிகள் மணி மணியாகத் தொங்கின. கல்யாண வீட்டுத் தோரணம்போல அழகாக இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக வந்தது.

கேட்டில் பெண்களைச் சோதிப்பவள் தாயம்மா. அக்காவுக்குப் பக்கத்து வீடு.

“கையத் தூக்குடி. படிச்சவளுக்கும் அக்குள் அக்குள்தான்லா.” என் விலாவைத் தடவிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். “பொஸ்தகத்த விரி. உள்ள சோறு, மருந்து, பாட்டரி ஏதாச்சும் இருக்கா?”

“கெமிஸ்ட்ரி இருக்கு.”

“அது திங்கிற சாமானா?”

“இல்ல.”

“அப்ப போ. ஒங்கக்காவப் போயி பாரு. பிள்ள பெத்தும் ஒடம்பு தேறல. நானும் காலையில ஒரு கிளாஸ் ஸ்டவுட்டு பீரு குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ரத்தம் ஊறட்டும்னு.”

பஞ்சாலை அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏழு வயது மூத்தவள். எங்கள் ஆத்தா இருமி இருமிச் செத்த பிறகு, ரப்பர் மரத்தில் பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தவள். வெயில் அவள்மேல் விழுந்திருந்தது. மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கிட்டே போனபோது அவள் கண்களும் குளித்திருந்தன.

“வெளிச்சம்டி அது” என்றாள். “எலை உதிர்ற காலத்துல எல்லாரும் மஞ்சளாத்தான் தெரிவாங்க.”

நான் நம்பினேன். ஒரு நாள் முழுக்க நம்பினேன். ரசாயனம் படித்தவள், நிறம் மாறினால் ஏன் என்று கேட்கப் பழகியவள், வெளிச்சம் என்று சொன்னதை நம்பினேன். இதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அக்காவும் அவள் புருஷன் சன்னாசி மாமாவும் ஆறு மாதமாகச் சயரோக மருந்தில் இருந்தார்கள். ஆட்களை லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய் நெஞ்சைப் படம் எடுத்ததில் இருவருக்கும் நுரையீரலில் கறை என்று வந்தது. அக்காவுக்கு நல்ல இருமல் இருந்தது. மாமாவுக்கு ஒன்றுமே இல்லை. சன்னாசி மாமா நெஞ்சைத் தட்டிக்காட்டி, “படம் எடுத்தவன் ஆள மாத்திப்புட்டான்லா” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா பகலில் தூங்கினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கினாள். எழுந்தால் கை கால்களைச் சொறிந்தாள். ரத்தம் வரும்வரை சொறிந்துவிட்டு, யாரோ தூரத்தில் கூப்பிட்டதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்பாள்.

“ராக்கு, நேத்து நான் மரத்துக்கு மேல நடந்தேன்டி.”

“கனவுக்கா.”

“இல்லடி. பாதத்துக்குக் கீழ எலையெல்லாம் குளுகுளுன்னு இருந்துச்சு. கம்பியே இல்ல. ஆத்தா அந்தப் பக்கம் மரம் வெட்டிக்கிட்டு நின்னா. வாளியில பாலு மஞ்சளா இருந்துச்சு. ஏன் ஆத்தா மஞ்சளா இருக்குன்னு கேட்டேன். ஒனக்குன்னு எடுத்து வச்சேன்னா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் மூச்சில் ஒரு வாடை வந்தது. அழுகிய பழத்தின் இனிப்பு. வீட்டுக்குள் அரிசி வைத்திருக்க அனுமதியில்லை. பொதுக் குசினியில் வெந்த சோற்றைத்தான் அளந்து கொடுத்தார்கள். அன்று மத்தியானம் வாங்கிவந்த சோறு அவள் பக்கத்தில் தொடாமல் கிடந்து, சாயங்காலத்துக்குள் புளித்துவிட்டது. அந்தப் புளித்த வாடையையும் அவள் மூச்சையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“சாப்பிடுக்கா.”

“கொமட்டுதுடி. ஒன் மாமாவுக்கு எடுத்து வச்சேன். அவருதான மரம் வெட்டப் போறாரு, வெறும் வயித்தோட.”

வியாழக்கிழமை அவளைக் கழிவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். சிறுநீர் கோப்பிக் கஷாயம்போல் போனது. அப்போதுதான் எனக்கு விழிப்பு வந்தது.

ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவள் மருத்துவம் படித்தவள். சத்தம் போட்டுத்தான் படிப்பாள். கேட்டே எனக்குப் பாதி பாடம். நெஞ்சுநோய் மருந்துகள் சிலருக்குக் கல்லீரலைத் தின்னும். கண் மஞ்சளானால் அன்றைக்கே மருந்தை நிறுத்து என்று அவள் ஒரு மழைநாளில் வாசித்தது ஞாபகம் வந்தது. யாருக்குத் தின்னும், யாருக்குத் தின்னாது என்று கேட்டேன். சரியாகத் தெரியவில்லை, குடிக்கிறவன், சோறில்லாதவன், ஏற்கெனவே பலவீனமானவள் என்று என்னவோ சொன்னாள். கல்லீரல் எங்கள் லயத்துப் பெண்களைப் போல என்று அன்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். முக்கால்வாசி போன பிறகுதான் வாயைத் திறக்கும்.

அன்றே அக்காவின் மாத்திரையை நிறுத்தினேன். அவள் டின்னில் இன்னும் மூன்றுதான் மிச்சம் இருந்தது. அவளுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பும் இல்லை. இனிக் காமாலை இறங்கும், சனிக்கிழமை டிரெசரிடம் காட்டலாம் என்று இருந்தேன். மடச்சி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். வெளிச்சம் தரையில் தேன்போல் பரவிக் கிடந்தது. அதன் நடுவில் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சிவந்த ரப்பர் இலைமேல் மாத்திரைகளை வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் எனக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்த அதே விரல்கள். ஒரு வரிசைக்கு ஆறு. மூன்று வரிசை. பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர்.

“என்னக்கா இது?”

“நாளைக்கு சனிக்கெழம.”

“ஒன் டின்னுல இவ்வளவு கெடையாதே.”

“இது அவரோடது.”

குடத்தைக் கீழே வைக்கவில்லை, போட்டேன். தண்ணீர் இலையைத் தொடும் முன் அவள் மாத்திரைகளை மடியில் வாரிக்கொண்டாள். அதற்கு மட்டும் எங்கிருந்தோ பலம் வந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மாமா ஆறு மாதமாக மாத்திரையை வாயில் வைத்ததே இல்லை. ஆனால் டின் சனிக்கிழமைக்குக் காலியாக வேண்டும். கால்வாயில் போட முடியாது. மண்ணில் புதைத்தால் இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். அதனால் அக்கா தன் மூன்றையும் விழுங்கி, அவர் மூன்றையும் விழுங்கினாள். வயிற்றில் பிள்ளையோடு விழுங்கினாள். பெற்ற பிறகும் விழுங்கினாள். காலையில் பச்சைத்தண்ணீரில், பிறகு தாயம்மாவின் ஸ்டவுட்டில். ஆறு நாளாகத்தான் குமட்டலில் அவர் பங்கு உள்ளே இறங்கவில்லை. அதனால் இந்த மிச்சம். டின்னை ஆட்டினால் சத்தம் கேட்கக் கூடாதென்று உள்ளே ஒரு பழைய துணியைத் திணித்து வைத்திருந்தாள்.

“தண்ணியில கரைச்சு ஊத்தியிருக்கலாமேக்கா! யாருக்குத் தெரியும்?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில், படித்துக் கெட்டுப்போனவளே என்று இருந்தது.

“மருந்தக் கொட்டுறதா? ஆத்தா சாவுறப்ப இதுல ஒண்ணே ஒண்ணு கெடச்சிருந்தா நம்ம வீடு எப்படி இருந்திருக்கும்டி? சோத்தக் கொட்டுறவ மருந்தக் கொட்டுவா. அவரு ஒடம்பும் என் ஒடம்பும் ஒண்ணுதான. எங்க போனா என்ன?”

மாமா கள்ளுக்கடையிலிருந்து வந்தார். பாதி தள்ளாட்டம், பாதி பாட்டு. நான் வாசலில் நின்றேன்.

“மாமா, மாத்திரை ஏன் சாப்பிடல?”

“சாப்பிடக் கூடாதுன்னு டிரெசர்தான சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“கள்ளுக் குடிச்சா இந்த மாத்திரையச் சாப்பிடக் கூடாதுன்னாரு. நான் தெனமும் குடிக்கிறேன்லா. அதனால சாப்பிடல. சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணுன்னு இருக்கிற ஆளு இல்ல நானு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை, அழுதேன். பிறகு பதினெட்டு மாத்திரையையும் அவர் முன்னால் வைத்துச் சொன்னேன், ஒன்றும் மிச்சம் வைக்காமல். ஒங்க பொண்டாட்டி ஒங்க மருந்தத் தின்னுதான் மஞ்சளாயிருக்கா. அவர் உட்கார்ந்தார். பாட்டு எங்கோ போய்விட்டது. கையை நீட்டினார்.

“குடு. நான் முழுங்கிர்றேன். இப்பவே. எல்லாத்தையும்.”

“ரெண்டு பேரத் தூக்க எனக்குக் கை பத்தாது. சும்மா இருங்க.”

“அப்ப என்ன காலேஜம்மா செய்யச் சொல்ற?”

“காலையில அக்காவ சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். தெனம் எத்தனை சாப்பிட்டான்னு கேப்பாங்க. ஆறுன்னு சொல்லப்போறேன். மூணு யாரோடதுன்னு கேப்பாங்க.”

அவர் குழந்தை செல்லத்தைத் தொட்டிலிலிருந்து எடுத்து, மார்பில் ஒட்டாமல் தள்ளி, முழங்காலில் வைத்துக்கொண்டார். முதல்தடவையாகத் தன் நெஞ்சுக்குப் பயந்த மனிதரைப் பார்த்தேன். அக்கா அதற்குப் பிறகுதான் குழந்தையின் உச்சியில் என் கையை வைத்தாள்.

மாத்திரைகளைக் கரைத்துவிட்டிருக்கலாம். செம்புத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. சனிக்கிழமை டின் காலி, பதிவேட்டில் ஒரு கீறல், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் டிரெசர் சீட்டில் மூன்று என்றுதான் எழுதுவார். அதைப் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரியில், ஒன்று வேறு ஏதோ காமாலை என்று அதே மருந்தை மறுபடி கொடுப்பார்கள், கல்லீரல் போகும். இல்லை, மூன்றுக்கே இப்படி என்றால் இந்த மருந்தே இவளுக்கு ஆகாது என்று ஒரேயடியாக நிறுத்துவார்கள், நுரையீரல் போகும். ஆத்தாவைப் போல. அக்கா பிழைப்பதென்றால் அந்த ஆறு என்ற எண் அவளோடு போய்ச் சேர வேண்டும். அதற்குச் சாட்சி இந்தப் பதினெட்டுதான்.

துரைசிங்கம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“பிள்ளை, இந்தத் தோட்டத்தில பன்னிரண்டு பேர் இந்த மருந்து எடுக்கினம். ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை. உம்முடைய அக்காவுக்கு மட்டும் ஏன்?”

“மத்தவங்க எழுபத்தெட்டு ராத்தலா இருக்காங்களா?”

“அது...”

“எடை போட்டுத்தான மருந்து குடுத்தீங்க? ஆள மேய்க்கிற தடியன் மண்டோருக்கும் மூணு, எங்கக்காவுக்கும் மூணு. அவ சாப்பிட்டது ஆறு. சோறு எறங்கல. பிள்ள பெத்து நாலு மாசம். காலையில வெறும் வயித்துல ஸ்டவுட்டு, அதுக்கு மேல மாத்திரை. வாந்தி எடுத்தப்பறமும் நிறுத்தல, ஏன்னா நீங்க டின்னத் தட்டுவீங்க. கண்ணு மஞ்சளானா வந்து சொல்லுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா ஐயா? காலி டின்ன மட்டும்தான பாத்தீங்க? மனுசியப் பாக்கல.”

அவர் முகம் சிவந்தது. பிறகு மெல்ல மெல்ல, தோட்டத்து வெளிச்சத்தைப் போல வெளுத்தது.

“அப்பிடிப் பார்க்கச் சொல்லி எழுத்தில தந்திருக்கினம்” என்றார். “ஒரு குளிசை மிஞ்சினாலும் பொலிசுக்கு அறிவிக்கோணும். இப்ப நீர் சொல்லிப்போட்டீர். நான் அறிவிச்சால் சன்னாசி உள்ளுக்கை. அறிவிக்காமல் விட்டால் நான் உள்ளுக்கை. எனக்கும் பிள்ளையள் இருக்கினம் பிள்ளை.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் வந்தனீர்?”

“நீங்க ஆறுன்னு எழுதிக் குடுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு இலை காற்றே இல்லாத இடத்தில் தொங்கிக்கொண்டு, விழுவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் திரும்பித் திரும்பி நின்றது. பிறகு அவர் பேனாவைத் திறந்து ஒரு சீட்டு எழுதினார். ஆங்கிலத்தில், அழகான கையெழுத்து. என் பக்கம் தள்ளினார். பஞ்சாலை, வயது இருபத்தொன்பது, காமாலை. மருந்து தினம் மூன்று.

சீட்டுக்குப் பக்கத்தில், மேசையிலிருந்த கண்ணாடி கிளாஸில் தண்ணீர் ஊற்றி அதையும் தள்ளினார்.

“அதை இதுக்குள்ள போட்டு ஆட்டும். நான் பார்க்கேல்லை. நீர் வரேல்லை. காலி டின்னைக் கவிழ்த்துப்போட்டுப் போம். அக்காவைக் கொண்டுபோய் வைத்தியம் பாரும். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது.”

அவர் குரலில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கிளாஸ் தண்ணீர் அசைவில்லாமல் இருந்தது. ஜன்னல் அதற்குள் தலைகீழாக இருந்தது. முள்கம்பியும் ஒரு மயிரிழையாகத் தெரிந்தது. எல்லாம் கரைந்துவிடக் கூடிய அளவுக்குச் சின்னதாக இருந்தது. ஒரு கணம் நானும் அந்தத் தண்ணீருக்குள் நின்று பார்த்தேன். குளிர்ச்சியாக, சத்தமில்லாமல், சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் நான் முடிவை அங்கே எடுக்க வந்தவள் இல்லை. அது விடியும்போதே எடுத்தாயிற்று.

விடியும்போது மாமா எனக்கு முன்னால் எழுந்து, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மாதத்தில் முதல் முறையாக மாத்திரையை, அக்கா டின்னில் மிஞ்சியிருந்த அந்த மூன்றை எடுத்து, எனக்குத் தெரியும்படி விழுங்கினார்.

“பேரச் சொல்லிரு காலேஜம்மா” என்றார். “புடிச்சா புடிக்கட்டும்லா. உள்ள போனா கள்ளு கெடைக்காது. மாத்திரையாச்சும் ஒழுங்கா முழுங்குவேன்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு சிரம்பான் போகும் லாரியில் அக்காவைத் தூக்கி வைத்தவரும் அவர்தான். அக்கா தூக்கத்தில், “கம்பி எங்க, கம்பியக் காணோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் லாரி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். மாமா செல்லத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

என் ரவிக்கைக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே எழுதிய கடிதம் இருந்தது. ஒரு நாளைக்கு ஆறு. ஆறு மாதம். எடை, பிரசவம், பட்டினி, ஸ்டவுட், கண் மஞ்சளான நாள். யாருடைய மூன்று, ஏன் அவள் விழுங்கினாள், எல்லாம். கீழே ராக்கம்மா என்று முழுப்பெயர், பக்கத்தில் பட்டம். மாத்திரைகளை வீட்டிலிருந்து எடுத்துவந்தவள் நான் என்றும் எழுதியிருந்தேன். கேட்டில் பிடித்தால் முதலில் என்னைத்தான் பிடிக்க வேண்டும். பிடித்தால், பதினெட்டு என்று அவர்களே எழுதிக்கொள்வார்கள். அரசாங்கத்தின் கையெழுத்தில் ஒரு சாட்சி. அதைவிட நல்ல சாட்சி எங்களுக்கு எங்கே கிடைக்கும்?

“அந்த ஸ்டவுட்ட இனி யாருக்கும் இந்த மாத்திரையோட குடுக்க வேணாம்னு தாயம்மாகிட்ட சொல்லுங்க” என்றேன். “மத்த பதினொரு பேரு கண்ணையும் இன்னிக்கே பாத்துருங்க. வெளிச்சத்துல பாக்காதீங்க, நெழல்ல பாருங்க. வெளிச்சம் பொய் சொல்லும்.”

“பிள்ளை, அந்தக் கேற்றில உம்மைப் பிடிப்பினம்.”

“நீங்க போலீசுக்குச் சொல்லிருங்க ஐயா. ஒங்க பிள்ளைங்களுக்காகச் சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

அவர் சீட்டை கிளாஸின் கீழ் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார். பறந்துவிடும் என்று பயந்தவர்போல.

நான் டின்னைத் திறந்து உள்ளே இருந்த பழைய துணியை உருவினேன். அக்காவின் புடவைக் கிழிசல்தான். அவர் மேசைமேல் அதை வைத்தேன். மூடியை அழுத்தி மூடினேன்.

கதவைத் திறந்ததும் வெளிச்சம் முழங்கால்வரை இருந்தது. யோசித்துக்கொண்டிருந்த இலை விழுந்துவிட்டிருந்தது. எது அது என்று தேட முடியாதபடி பாதை முழுக்க இலைகள். கேட்டருகில் லாரி உறுமத் தொடங்கியிருந்தது. தாயம்மா ஏற்கெனவே கையைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டிருந்தாள். நான் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் டின் கலகலவென்று சத்தம் போட்டது. போடட்டும் என்று கையை நன்றாக வீசி நடந்தேன்.